தனியாக மலையில் பல நாள் நடை: பாதை போடுவது முதல் கூடாரம் காயவைப்பது வரை

தனியாக மலைக்குப் போக முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் டென்ட் வாங்குகிறார்கள். பிறகு ஷூ, அப்புறம் பை. வரைபடத்தைக் கடைசியில்தான் விரிக்கிறார்கள். இந்த வழிகாட்டி தலைகீழ் வரிசையில் போகும். எத்தனை நாள் என்பதைப் பாதைதான் முடிவு செய்கிறது. நாள் கணக்கு தெரிந்தால் எவ்வளவு சாப்பாடு என்று தெரியும். உயரம் தெரிந்தால் எவ்வளவு குளிர் என்று தெரியும். அதற்குப் பிறகுதான் பைக்கு வேலை.

கூட்டமாகப் போனால் ஒருவர் தடுமாறுவதை இன்னொருவர் கவனித்துவிடுவார். தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கடினமான முடிவுகளை எல்லாம் வீட்டிலேயே, வயிறு நிறைந்து தலை தெளிவாக இருக்கும்போது எடுத்து, ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். களைத்துப்போன பிறகு மலையில் எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை, என் முடிவு உட்பட.

இங்கே சொல்வது பனி மூடாத பருவத்தில், கயிறு தேவைப்படாத பாதையில், 3 முதல் 7 நாள் வரையிலான நடைக்கு.

1. முதலில் ஓர் இரவு மழையில் தூங்கிப் பாருங்கள்

பெரிய பயணத்துக்கு முன்னால் சாலைக்குப் பக்கத்திலேயே, வேண்டுமென்றே மழை நாளாகப் பார்த்து, ஓர் இரவு தங்குங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தப் பொருளை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் எத்தனை முறை பையைக் கவிழ்க்கிறோம் என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் சாலைக்கு வந்துவிடலாம்.

டென்ட்டை ஒரு முறையாவது இருட்டில், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் அடித்துப் பழகுங்கள். பெட்டியைப் பிரிக்காமலேயே மலைக்குக் கொண்டுவந்து, காற்றில் துணி படபடக்க, செய்முறைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழுச் சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்தும் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் நன்றாகத்தான் நடப்பார்கள். முழங்கால் உண்மையைச் சொல்வது இரண்டாம் நாள் இறக்கத்தில்தான்.

2. பாதையை மணிக்கணக்காக மாற்றுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு கிலோமீட்டரில் திட்டமிடுவது. சமதளத்தில் ஒரு நாளைக்கு 25 கி.மீ. நடந்தவர், மலையிலும் அதே எண்ணை எழுதிவைப்பார். மலையில் நேரத்தைத் தின்பது தூரத்தைவிட ஏற்றம்தான்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் தொடக்கத்துக்குப் போதுமானது. 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 15 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணியும் ஒன்றரை மணியும் சேர்த்து நாலரை மணி. இது லேசான சுமையோடு நிற்காமல் நடக்கிறவருக்கு. பல நாள் சுமையோடு போகிறவர் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓய்வையும் சேர்த்தால் எட்டு மணி நேரம் ஆகிவிடும். செங்குத்தான இறக்கமும் நேரம் எடுக்கும். இறங்குவதுதானே என்று கழிக்காதீர்கள்.

ஏற்றத்தைக் கணக்கிடச் சம உயரக் கோடுகள் உள்ள வரைபடம் வேண்டும். 1:50,000 அளவில் 2 செ.மீ. என்பது ஒரு கிலோமீட்டர். 1:25,000 அளவில் 4 செ.மீ. கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்து. இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்பதை முதலில் பாருங்கள், வரைபடத்துக்கு வரைபடம் அது மாறும்.

வரைபடத்தில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு விஷயங்களைப் பென்சிலால் குறியுங்கள். தண்ணீர் கிடைக்கும் இடம். தங்க நினைக்கும் இடம். அது சரிப்படாவிட்டால் அதற்கு முன்னாலேயே இன்னொரு இடம். கடைசியாக, மலையை விட்டு வெளியேறும் வழி. இந்த நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளியேறும் வழி இல்லாத நாள் ஒன்று திட்டத்தில் இருந்தால், அதை வானிலை உறுதியாக இருக்கும் நாளில் மட்டுமே நடக்க வேண்டும்.

முதல் நாளைப் பாதியாகச் சுருக்குங்கள். அன்றுதான் பை மிகக் கனமாக இருக்கும், உடம்பும் இன்னும் பழகியிருக்காது.

3,000 மீட்டருக்கு மேல் போகும் பாதையில் நாள் கணக்கைக் காலின் வலு தீர்மானிக்காது, மூச்சுதான் தீர்மானிக்கும். அந்த உயரத்துக்கு மேல் தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் உயரமாக ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்கலாம், அதில் தப்பில்லை.

பாதை முடிவானதும் அனுமதி. அந்த இடத்தின் விதியைப் படிக்காமல் கிளம்பாதீர்கள், ஒவ்வொரு நாட்டிலும் அது வேறு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சட்டம் பெரும்பாலான திறந்தவெளிகளில் கூடாரம் அடிக்க உரிமை தருகிறது. நார்வேயில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நேபாளமோ வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் டிரெக்கிங் போகக் கூடாது என்று 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குத் தனிநடைத் திட்டமே பொருந்தாது.

3. திரும்பும் விதிகளை எழுதி, ஒருவர் கையில் கொடுங்கள்

ஒரு தாளில் “இப்படி நடந்தால் திரும்புவேன்” என்று நான்கைந்து வரி எழுதுங்கள். என் தாளில் இருப்பவை: மதியம் 1 மணிக்குள் கணவாயைத் தொடவில்லையென்றால் இறங்குவேன். ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் கடக்க மாட்டேன். தலைவலி இருக்கும்போது மேலே ஏற மாட்டேன். அரை மணி நேரமாக நான் இருக்கும் இடம் வரைபடத்தில் தெரியவில்லையென்றால் வந்த வழியே திரும்புவேன்.

நேரமும் அளவும் இல்லாத விதி விதியே இல்லை. “ரொம்ப லேட்டானால் திரும்பலாம்” என்று எழுதினால், மலையில் எந்த நேரமும் ரொம்ப லேட்டாகத் தெரியாது.

இந்தத் தாளின் நகலைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். பாதை, தங்கும் இடங்கள், வெளியேறும் வழிகள், டென்ட்டின் நிறம் ஆகியவை அதில் இருக்கட்டும். மிக முக்கியமாக, எந்த நாள் எத்தனை மணிக்குப் பிறகு, எந்த மீட்பு எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். “தினமும் சாயங்காலம் போன் பண்றேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள்.

சிக்னல் இல்லாத இடத்துக்குச் செயற்கைக்கோள் கருவி ஒன்று வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவசர பீக்கனுக்கு (செயற்கைக்கோள் வழியாக அபாயச் சிக்னல் அனுப்பும் சிறு கருவி) மாதச் சந்தா கிடையாது, ஆனால் அது உதவி கேட்க மட்டும்தான். உங்கள் பெயரில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். செய்தி அனுப்பவும் பெறவும் முடிகிற கருவிகளுக்குச் சந்தா உண்டு. சில நாடுகளில் இவற்றை வைத்திருக்கவே தனி அனுமதி வேண்டும், அதையும் விசாரித்துவிடுங்கள். எதை வாங்கினாலும் அதை உடம்போடு சேர்த்து வையுங்கள். பை ஆற்றோடு போனால் கருவியும் அதோடு போய்விடும்.

விசிலும் பாக்கெட்டில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். அப்போதும் நிறுத்தாமல் ஊதுங்கள், அவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க அந்தச் சத்தம் வேண்டும்.

4. பையைத் தூக்கத்திலிருந்து கட்டுங்கள்

பகலில் குளிர்ந்தால் நடந்து சூடேற்றலாம். இரவில் அது முடியாது. அதனால் முதலில் ஸ்லீப்பிங் பேக், மேட், டென்ட். மற்றதெல்லாம் பிறகு.

எவ்வளவு குளிர் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் இரவு 15 டிகிரி என்றால், அதிலிருந்து 2,000 மீட்டர் மேலே 2 டிகிரி. மேகமில்லாத இரவில் அதற்கும் கீழே போகும். ஸ்லீப்பிங் பேக்கில் பொதுவாக இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். ஒன்று வசதியாகத் தூங்க, இன்னொன்று சுருண்டு படுத்துச் சமாளிக்க. இரண்டாவதைப் பார்த்து வாங்கினால் விடிய விடிய விழித்திருப்பீர்கள்.

மேட்டை மெத்தைக்காக மட்டும் நினைக்காதீர்கள். உடம்புக்கு அடியில் இருக்கும் ஸ்லீப்பிங் பேக் நசுங்கிப் போவதால் அங்கே அது சூட்டைப் பிடித்து வைக்காது. தரையின் குளிரைத் தடுப்பது மேட்தான். அதன் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று எண்ணில் கொடுத்திருப்பார்கள். கோடைக்கு 2 போதும். தரை உறையும் இடத்துக்கு 4-க்கு மேல் வேண்டும்.

துணியில் பருத்தியே வேண்டாம். நனைந்தால் காயாது, காயாத துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளியோ செயற்கை இழையோ எடுங்கள். ஒரு செட் உலர்ந்த துணியைத் தனியாகக் கட்டி, தூங்கும்போது மட்டும் போடுங்கள். காலையில் நேற்றைய ஈரத்துணியை மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். முதல் ஐந்து நிமிடம் கொடுமையாக இருக்கும், நடந்தால் சரியாகிவிடும். உலர்ந்த செட்டைப் பகலில் போட்டு நனைத்தவருக்கு அன்று இரவு போட ஒன்றுமே இருக்காது.

பைக்கு வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். பைக்குள் தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கி மூடுங்கள். ஸ்லீப்பிங் பேக் அடியில், சாப்பாடு முதலான கனமான பொருள்கள் முதுகை ஒட்டி நடுவில். கனம் முதுகைவிட்டு விலகினால் பை உங்களைப் பின்னால் இழுக்கும். மழைச் சட்டையும் டென்ட்டும் மேலே. கொட்டும் மழையில் டென்ட்டை எடுக்கப் பையையே காலி செய்யும் நிலை வரக் கூடாது.

சாப்பாடு ஒரு நாளைக்கு 3,000 முதல் 4,000 கலோரி வரை தேவைப்படும். தண்ணீர்ச் சத்து உள்ள உணவைச் சுமப்பது வீண். உலர்ந்ததும் கொழுப்புள்ளதுமாக, 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல் தருவதாகப் பார்த்தால் ஒரு நாள் உணவு 700 முதல் 900 கிராமுக்குள் அடங்கிவிடும். கூடுதலாக ஒரு நாள் சாப்பாடு, அதுவும் சமைக்காமல் தின்னக்கூடியதாக இருக்கட்டும்.

கேஸ் டப்பா மாட்டும் அடுப்பில் ஒரு நுணுக்கம். டப்பாவில் இருக்கும் பியூட்டேன் வாயு சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் -12 வரை தாங்கும். குளிர் இடத்துக்குப் போகிறவர்கள் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த டப்பாவைத்தான் வாங்க வேண்டும். லைட்டர் இரண்டு, வெவ்வேறு இடங்களில்.

மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பையை மறுபடி கவிழ்த்துப் பாருங்கள். “ஒருவேளை தேவைப்பட்டால்” என்று எடுத்த துணிகள்தான் பெரும்பாலும் குற்றவாளி. முதலுதவி, ஹெட்லேம்ப், திசைகாட்டி ஆகியவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். ஷூ ஏற்கெனவே நன்றாக நடந்து பழகியதாக இருக்க வேண்டும்.

5. விடியும்போதே கிளம்புங்கள், மெதுவாக நடங்கள்

கோடையில் மலை இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். பனியாற்றுத் தண்ணீர் காலையில் குறைவாக ஓடும். தவறு ஏதாவது நடந்தால் சரிசெய்ய வெளிச்சமும் மிச்சமிருக்கும். விடியலில் கிளம்ப இந்த மூன்று காரணங்களும் போதும்.

கொஞ்சம் குளிரோடே நடக்கத் தொடங்குங்கள். ஜாக்கெட்டோடு ஏறினால் வியர்வையில் நனைந்து, நின்றதும் விறைத்துப் போவீர்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம்தான் நாள் முழுவதும் தாங்கும்.

காலில் சூடாக உரசுகிற உணர்வு வந்த அந்த நிமிடமே உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, டேப் ஒட்டுங்கள். “அடுத்த ஓய்வில் பார்த்துக்கலாம்” என்றால் அதற்குள் கொப்புளம் வந்துவிடும். தனியாக இருக்கும்போது கொப்புளம் சின்ன விஷயமில்லை, நடை கோணலாகி முழங்காலையும் இழுத்துவிடும்.

போனில் நகரும் நீலப் புள்ளியை மட்டும் பின்தொடராதீர்கள். ஓடை, வளைவு, கணவாய் என ஒவ்வோர் அடையாளத்திலும் நின்று, அடுத்து எதைப் பார்க்கப் போகிறோம், எத்தனை நிமிடத்தில் என்று வரைபடத்தில் பாருங்கள். சொன்ன நேரத்தில் அது வரவில்லையென்றால் தவறு சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

வழி தவறினால் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் ஊர் வரும் என்பது ஆபத்தான நம்பிக்கை. மலை ஓடைகள் அருவியிலும் செங்குத்துப் பாறையிலும் கொண்டுபோய் விடும், ஏறித் திரும்பவும் முடியாது.

6. ஆறும் மின்னலும்

ஆற்றைக் கடக்க அகலமான, பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். குறுகலான இடத்தில் ஆழமும் வேகமும் அதிகம். கீழ்ப்பக்கம் அருவியோ மரக்கட்டைகளோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஷூவைக் கழற்றாதீர்கள். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பை உங்களை அழுத்திப் பிடிக்காமல் கழன்றுவர வேண்டும். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, கம்பை மூன்றாவது காலாக ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். பனி உருகி ஓடும் ஆறு என்றால், மாலையில் கரையில் தங்கிவிட்டுக் காலையில் வந்து பாருங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்கியாக வேண்டும். தனி மரம், குகை வாய், ஆழமில்லாத பாறைப் பொந்து எதுவும் பாதுகாப்பில்லை. டென்ட்டும் மின்னலைத் தடுக்காது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

7. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள்

பள்ளத்தாக்கின் அடி அழகாக இருக்கும், ஆனால் இரவில் குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். முகட்டில் காற்று அடிக்கும். இரண்டுக்கும் நடுவே, சற்று மேடான சின்னச் சமதளம் போதும். டென்ட்டை இறக்குமுன் மேலே பாருங்கள்: பட்டுப்போன கிளை, உருளத் தயாராக நிற்கும் கல். பிறகு கீழே பாருங்கள்: மணலில் நீரோடிய கோடு, ஒரே பக்கம் சாய்ந்த புல், காய்ந்த ஓடைப் படுகை. அங்கே படுத்தால், எங்கோ மேலே பெய்யும் மழை இரவில் உங்களைத் தேடி வரும். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருங்கள், அங்கே குடிக்க வரும் விலங்குகளுக்கும் அது வழி.

இடம் கிடைத்ததும் வேலைகளின் வரிசை மாறக் கூடாது. முதலில் டென்ட். காற்று வரும் பக்கத்தின் ஆணியை அடித்த பிறகுதான் துணியை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பட்டமாகிவிடும். அடுத்து மேட்டை ஊதி, ஸ்லீப்பிங் பேக்கை விரித்துவிடுங்கள், அது உப்பிச் சூடு பிடிக்க நேரம் வேண்டும். மூன்றாவது உலர்ந்த துணி. பிறகு தண்ணீர், கடைசியில் சமையல். பசிக்கிறது என்று சமையலை முதலில் தொடங்குகிறவர்கள், வியர்வை குளிர்ந்து கை விறைத்த பிறகு இருட்டில் டென்ட்டோடு மல்லுக்கட்டுவார்கள். பசிக்கு அதுவரை ஒரு வாய் ஏதாவது மென்றுகொள்ளுங்கள்.

டென்ட்டுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். தீ ஒரு காரணம். கார்பன் மோனாக்சைடு இன்னொன்று, வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். காற்றுத் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து மூடவும் வேண்டாம். மூச்சு ஈரம் டென்ட்டின் உட்புறத் துணியில் படிந்து காலையில் ஸ்லீப்பிங் பேக்கை நனைத்துவிடும்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சுத்திகரியுங்கள். கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். நுண்குழல் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸை விட்டுவிடும். ஒரு முறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், பார்த்தால் தெரியாது. அதனால் குளிர் இரவில் வடிகட்டியும் போனும் பவர் பேங்கும் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்க வேண்டும்.

கரடியோ வேறு பெரிய விலங்கோ உள்ள பகுதியில் சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாம் டென்ட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். காகிதம் பையில் திரும்பி வரட்டும்.

வெளிச்சம் மிச்சமிருந்தால், நாளைக் காலை எந்தப் பக்கம் கிளம்புவோம் என்று ஐந்து நிமிடம் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். மறுநாள் அரை இருட்டில் வழி தேட வேண்டியிருக்காது.

முதல் இரவு தூக்கம் வராது. ஓர் எலி சருகில் ஓடினால் யானை மாதிரி கேட்கும். எனக்கு இரண்டாம் இரவில்தான் தூக்கம் வரும்.

8. உங்களை நீங்களே சோதியுங்கள்

ஒவ்வோர் ஓய்விலும் கட்டை விரலால் சுண்டு விரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையென்றால் கை வேலை செய்யவில்லை, உடனே சூடேற்ற வேண்டும். கால் இடறுவது, சொல் குழறுவது, ஜிப் போட மனம் வராமல் இருப்பது எல்லாம் உடம்புச் சூடு இறங்கும் அறிகுறிகள். காற்று படாத இடத்துக்குப் போய், ஈரத்துணியை மாற்றி, இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது மிக ஆபத்து. அதற்கு முன்பே அவசரக் கருவியை அழுத்தியிருக்க வேண்டும்.

உயரத்தில் தலைவலியோடு குமட்டல், சோர்வு இருந்தால் அன்று மேலே போகாதீர்கள். குறையவில்லையென்றால் இறங்குங்கள். ஓய்விலும் மூச்சு வாங்கினால், அல்லது குதிகாலை முன்காலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால், இரவானாலும் உதவி கேட்டுவிட்டு இறங்கியாக வேண்டும். கூட்டத்தில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்கும். நீங்கள் நடக்க முடிகிறபோதே இறங்க வேண்டும்.

9. கடைசி நாளும் வீடும்

சாலை கண்ணில் பட்டதும் வேகம் கூடும், கவனம் குறையும். கடைசி இறக்கத்துக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, சாப்பிட்டு, ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

சிக்னல் வந்ததும் முதல் அழைப்பு, தாளை வைத்திருப்பவருக்கு. குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று தூங்கிப்போனால், மீட்புக் குழு கிளம்பியிருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே டென்ட்டைப் பிரித்துக் காயவையுங்கள், ஈரமாகச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்லீப்பிங் பேக்கைச் சின்ன உறையில் திணித்து வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அப்புறம் பையிலிருந்த பொருள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் எடுத்தவை, ஒரு முறை எடுத்தவை, தொடவே தொடாதவை. மூன்றாவதில் முதலுதவியையும் அவசரக் கருவியையும் மட்டும் எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, மற்றவற்றின் எடையைத் திட்டத் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். என் முதல் தாளில் அது 2 கிலோ 300 கிராம்.